ஹெக்லர் அண்ட் கோக் பி7: தேர்வில் வென்று சந்தையில் தோற்ற கைத்துப்பாக்கி

பி7 என்பது மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியாகும். குறி தவறாமை, உறுதி, வேலைப்பாட்டின் நேர்த்தி ஆகியவற்றுக்காகத் துப்பாக்கி வல்லுநர்கள் இதை இன்றும் பாராட்டுகின்றனர். ஆயினும் இது பரவலாக விற்பனையாகவில்லை. 2008இல் இதன் உற்பத்தி நின்றது. விலை அதிகம் என்பதே தோல்விக்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. விலையைப் போலவே, பயன்படுத்துபவரிடம் இத்துப்பாக்கி எதிர்பார்த்த உழைப்பும் இதன் தோல்விக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோன்றிய சூழல்

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது நடந்த பயங்கரவாதத் தாக்குதல், மேற்கு ஜெர்மானியக் காவல்துறையின் குறைபாடுகளை வெளிச்சமிட்டுக் காட்டியது. அப்போது காவலர் பலர் வைத்திருந்தவை ஆற்றல் குறைந்த 7.65 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகள். அவற்றுக்கு மாற்றாகப் புதிய 9 மில்லிமீட்டர் துப்பாக்கி தேவைப்பட்டது. எடை 1 கிலோவுக்கு மிகக் கூடாது, பாதுகாப்புத் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டிய தேவையின்றி உறையிலிருந்து எடுத்த உடனே சுட வேண்டும், அதே சமயம் கைதவறி விழுந்தால் வெடிக்கக் கூடாது என்பன முக்கிய நிபந்தனைகள்.

இத்தேர்வில் மூன்று துப்பாக்கிகள் தேறின. வால்தர் நிறுவனத்தின் துப்பாக்கி பி5 என்றும், சிக் சாவர் நிறுவனத்தின் துப்பாக்கி பி6 என்றும், ஹெக்லர் அண்ட் கோக்கின் துப்பாக்கி பி7 என்றும் பெயர் பெற்றன. எதை வாங்குவது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்தது. பவேரியா மாநிலக் காவல்துறையும் ஜிஎஸ்ஜி-9 சிறப்புப் படையும் பி7ஐ ஏற்றன. மூன்றிலும் விலை குறைந்த பி6 அதிக இடங்களைப் பிடித்தது.

அமைப்பும் சிறப்பும்

பி7இன் புதுமைகள் இரண்டு. முதலாவது, கைப்பிடியின் முன்புறம் முழுவதும் அமைந்த அழுத்துப்பட்டை. விரல்களால் அதை இறுக்கினால் உள்ளிருக்கும் அடிஊசி பின்னிழுக்கப்பட்டுத் துப்பாக்கி சுடத் தயாராகும். பிடியைத் தளர்த்தினால் ஊசி மீண்டும் அடங்கிவிடும். ஆகவே கீழே விழும் துப்பாக்கி, விழும்போதே பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிடுகிறது. காவல்துறை கேட்ட கேள்விக்கு இதைவிட நேரடியான விடை அரிது.

இரண்டாவது, வாயுவைக் கொண்டு தாமதப்படுத்தும் முறை. தோட்டா வெடித்ததும் குழலிலுள்ள சிறு துளை வழியாக வாயு கீழேயுள்ள உருளைக்குள் பாய்கிறது. அங்குள்ள உந்துதண்டை அது எதிர்த்துத் தள்ளுவதால், ஸ்லைடு எனப்படும் மேற்பகுதி உடனே பின்னோக்கி ஓட முடிவதில்லை. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்த பிறகே ஓடுகிறது. இம்முறையில் குழல் அசையாமல் சட்டத்தோடு நிலையாக இருக்கலாம். குறி தவறாமைக்கு இது பெரிதும் உதவியது. குழல் கைக்கு மிக அருகில் தாழ்வாக அமைந்ததால், சுடும்போது முனை மேலெழுவதும் குறைந்தது.

பரவாமைக்குக் காரணங்கள்

இந்தச் சிறப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது.

முதற்காரணம் செலவு. எஃகைக் கடைந்து செதுக்கி, பல பகுதிகளை நுணுக்கமாகப் பொருத்த வேண்டிய வடிவம் இது. பெருமளவில் உற்பத்தி செய்தாலும் செலவு எளிதில் குறையாது.

அடுத்தது வெப்பம். சூடான வாயு பாயும் உருளை, விசைக்கு நேர்மேலே இருக்கிறது. அடுத்தடுத்துப் பல தோட்டாக்களைச் சுட்டால் அப்பகுதி விரல் பொறுக்காத அளவுக்குச் சூடேறும். பின்னர் வந்த எம்8 வகையில் வெப்பத்தடுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அது தொல்லையைக் குறைத்ததே தவிர, மூலத்தை நீக்கவில்லை. உருளையில் படியும் கரியை அடிக்கடி சுரண்டி எடுக்கும் வேலையும் கூடுதல்.

மூன்றாவது காரணம் பயிற்சி. இதுவே கவனிக்க வேண்டியது. வேறெந்தத் துப்பாக்கியிலும் பழகிய கைக்கு அழுத்துப்பட்டை புதிது. அதை இறுக்கவும் தளர்த்தவும் தனியே பழக வேண்டும். அச்சத்தில் மனிதனின் கை தானாகவே இறுகும். அப்படி இறுகினாலே இத்துப்பாக்கி சுடத் தயாராகிவிடும். அதன்பின் விசையை இழுக்கச் சிறிது அழுத்தமே போதும். நன்கு பயின்றவரிடம் இது வரம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே சுட்டுப் பழகும் சாதாரணக் காவலரிடம் இதுவே ஆபத்து.

நான்காவது, வளர இடமின்மை. எம்8இல் அடங்கியவை 8 தோட்டாக்களே. 13 தோட்டா கொள்ளும் எம்13 வகையின் பிடி பருத்தது. 1990இல் அறிமுகமான ஆற்றல் மிக்க பாயிண்ட் 40 தோட்டாவுக்கென உருவான எம்10 வகைக்குத் தடித்த, கனமான ஸ்லைடு தேவைப்பட்டது. அளவான உடல்தான் பி7இன் அழகு. தேவை மாறியபோது அந்த அழகே முதலில் போயிற்று.

அமெரிக்கச் சந்தையும் கிளாக்கும்

நியூ ஜெர்சி மாநிலக் காவல்துறை எம்8ஐ ஏற்றது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அமெரிக்கப் படையினருக்கான தேர்வில் எம்13 வெல்லவில்லை. 1985இல் இத்தாலியின் பெரெட்டா தேர்வானது.

இதற்கிடையே, அதுவரை கைத்துப்பாக்கியே செய்திராத காஸ்டன் கிளாக்கின் நிறுவனம் ஆஸ்திரியாவில் கிளாக் 17ஐ உருவாக்கியது. ஆஸ்திரியப் படை 1982இல் அதை ஏற்றது. விரைவில் அது அமெரிக்காவுக்கும் வந்தது. பாதுகாப்புத் தாழ்ப்பாள் இல்லாமல் உடனே சுட வேண்டும், விழுந்தால் வெடிக்கக் கூடாது என்ற அதே கேள்விக்கு கிளாக்கும் விடை தந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு விசைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. விசையை இழுப்பதைத் தவிரப் பயனர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சட்டம், குறைந்த பாகங்கள், 17 தோட்டாக்கள், குறைந்த விலை எல்லாம் சேர்ந்தன. பி7இன் நேர்த்தி அதில் இல்லை. வாங்குவோர் அதைத் தேடவும் இல்லை.

பிளாஸ்டிக் சட்டம் கொண்ட விபி70 என்ற கைத்துப்பாக்கியை 1970இலேயே வெளியிட்டது ஹெக்லர் அண்ட் கோக்தான் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மலிவாகச் செய்யும் பொருள் கையில் இருந்தும், பி7இல் அந்நிறுவனம் எஃகின் நேர்த்தியையே தேர்ந்தது.

மதிப்பீடு

பி7ஐ முழுத் தோல்வி என்பது நியாயமாகாது. பவேரியாவில் அது பல ஆண்டுகள் பணியாற்றியது. மக்களுக்குத் தரத்தை மதிக்கத் தெரியவில்லை என்று அதன் அன்பர்கள் குறைகூறுவதும் சரியன்று. ஒரு காவல்துறை துப்பாக்கியை மட்டும் வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தரவேண்டிய பயிற்சி, பராமரிப்பு, உதிரிபாகம் அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறது. அந்த மொத்தக் கணக்கில் பி7 பின்தங்கியது.

பாதுகாப்பின் பொறுப்பை பி7 பயனரின் விரல்களிடம் ஒப்படைத்தது. கிளாக் அதை இயந்திரத்திடமே விட்டது. பயன்படுத்துவோரில் மிகக் குறைவாகப் பழகியவர் கையிலும் பிழையின்றி இயங்குவதே பொதுப் பயன்பாட்டுக் கருவியின் தரம். ஆயுதத்தில் இந்த அளவுகோல் தவறினால் இழப்பு உயிராகவே இருக்கும். 1993இல் ஹெக்லர் அண்ட் கோக் வெளியிட்ட யுஎஸ்பி கைத்துப்பாக்கியில் பிளாஸ்டிக் சட்டமும் வழக்கமான பூட்டு முறையும் இருந்தன, அழுத்துப்பட்டை இல்லை. பி7 குறித்து அதைச் செய்தவர்களே எழுதிய தீர்ப்பாக அதைக் கொள்ளலாம்.