குடமும் அடுப்பும்: மர்லின் வேரிங்கின் நூல் பற்றி ஒரு நோக்கு

நியூசிலாந்துப் பாராளுமன்றத்தின் பொதுச் செலவினக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மர்லின் வேரிங், 1988இல் வெளிவந்த ‘இஃப் விமன் கவுண்டட்’ என்னும் நூலில் இருவரை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருத்தி, விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, விறகு பொறுக்கி, சமைத்து, இளையோரைத் துயிலச்செய்த பின்பே ஓயும் சிம்பாப்வேச் சிறுமி. மற்றவன், அணுவாயுதத்தை ஏவும் கட்டளைக்காக நிலவறையில் காத்திருக்கும் அமெரிக்கப் படையினன். தேசிய கணக்கில் உழைப்பவன் அவனே. அவளோ எதுவும் செய்யாதவள்.

பெண்கள் பற்றிய புள்ளிவிபரங்கள் குறைபடுவதற்கு எண்ணுவோரின் திறனின்மையைக் காரணங்காட்டுவது வழக்கம். வேரிங்கோ எதனை எண்ணுவது என்ற வரைவிலக்கணத்திலேயே பிழையைக் காண்கிறார். நூலின் வலிமை இதுவே. 1993இல் ஐக்கிய நாடுகளின் கணக்குமுறை திருத்தப்பட்டபோது நீர் சுமத்தல் உற்பத்தியாக ஏற்கப்பட்டது. வீட்டாருக்குச் சமைத்தலும் பிள்ளை பராமரிப்பும் ஏற்கப்படவில்லை. சிறுமியின் குடம் உள்ளே சென்றது, அடுப்பு வெளியே நின்றது!

ஆயினும், இவ்வுழைப்புக்குப் பணப்பெறுமதி கற்பிக்கலாம் என நூல் கொண்ட நம்பிக்கை ஏற்புடையதன்று. எவருடைய கூலியை அளவுகோலாகக் கொள்வது? வீட்டுப் பணிப்பெண்ணின் கூலியெனின், பெண்ணுழைப்பை மலிவாக்கிய அதே சந்தையிடமே நீதி கேட்டதாகும். பின்னாளில் வேரிங்கும் நேரக் கணக்கையே முன்னிறுத்தினார். இலங்கையில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தேசிய மட்டத்திலான முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை 2017இல் நடத்தியது. தொழில் யாதென வினவினால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ எனும் பெண், அதிகாலை நான்கு மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கப்படும்போது அவ்வாறு விடையிறுத்தல் அரிது.