மூடிய பள்ளியும் நிறுவல் கலையும்: எச்சிகோ–சுமாரியின் இரு படைப்புகளை முன்வைத்து

ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் டோகாமாச்சி நகரையும் சுனான் ஊரையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டர் மலைநிலம் எச்சிகோ–சுமாரி என வழங்கப்பெறுகிறது. ஆள் உயரத்தையும் விஞ்சிப் பனி குவியும் இந்நிலத்திலிருந்து இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால் வீடுகளும் பள்ளிகளும் வெறுமையுற்றன. கிடாகவா ஃபுராமின் இயக்கத்தில் 2000இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைவிழா, அவ்வெறுமையையே தன் களமாக்கிக்கொண்டது. 'கலை ஊரை மீட்டது' என்பது இவ்விழாவைப் போற்றுவோர் எளிதில் கூறிவிடும் கூற்று. மூடப்பட்ட இரு தொடக்கப்பள்ளிகளில் அமைந்த படைப்புகளை அருகருகே வைத்து நோக்கின் அக்கூற்று நிலைகொள்வதில்லை.

முதலாவது, கிறிஸ்டியன் போல்டான்ஸ்கியும் ஒளியமைப்பாளர் ஜான் கால்மனும் 2006இல் மட்சுனோயாமாப் பகுதிப் பள்ளியொன்றில் அமைத்த 'கடைசி வகுப்பு'. உடற்பயிற்சிக்கூடத்தின் தரையில் வைக்கோல், மங்கிய மின்விளக்குகள், ஓயாது சுழலும் மின்விசிறிகள், வேறோர் அறையில் இதயத்துடிப்பின் ஒலி. பார்வையாளர் கண்ணுக்கு முன்னரே மூக்கும் செவியும் அவ்விடத்தை உணர்ந்துவிடுகின்றன. இதன் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயின் 'டிஜோன் குழந்தைகள்' (1985) முதலே விளக்கும் இன்மையும் இணைந்த மொழி போல்டான்ஸ்கிக்குரியது. யூதத் தந்தைக்குப் பிறந்த அவருடைய கலையில் ஐரோப்பியப் பேரழிவின் நிழல் நீங்காதது. அம்மொழி இங்குப் பெயர்த்து வைக்கப்படும்போது, வேலை தேடி வெளியேறியோரின் பிள்ளைகள் மாண்டோர்போல் தோன்றுகின்றனர். குடிபெயர்வு சாவன்று. அதற்குப் பொருளியற் காரணங்கள் உண்டு; துக்கம் அக்காரணங்களை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, படநூற் கலைஞர் தாஷிமா செய்சோ 2009இல் சனாடா தொடக்கப்பள்ளியில் உருவாக்கிய படநூல் அருங்காட்சியகம். 2005இல் அப்பள்ளி மூடப்பட்டபோது எஞ்சியிருந்த மாணவர் மூவர். அம்மூவரையே கதைமாந்தராக்கி, கரையொதுங்கிய மரத்துண்டுகளுக்கும் காய்கொட்டைகளுக்கும் வண்ணந்தீட்டி வகுப்பறைகளெங்கும் கதையைத் தொங்கவிட்டுள்ளார். பள்ளி வெறுமையாகிவிடாது என்பதே கதையின் பிடி. போல்டான்ஸ்கியின் பள்ளி எப்பள்ளியாகவும் இருக்கலாம். தாஷிமாவின் பள்ளி சனாடா மட்டுமே. இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் இங்கும் ஓர் இடர் உண்டு. அம்மூவரும் இன்று வளர்ந்தவர்கள்; சுவரிலோ அவர்கள் என்றும் சிறாரே. ஊரார் நினைவுக்கு இசைந்த இக்குழந்தைமை, அவர்தம் பிற்கால வாழ்வைக் கேளாமல் விடுகிறது.

இவ்விரண்டனுக்கும் அப்பால் நிற்பது, குராகாகே ஜுன்இச்சியும் நிஹோன் பல்கலைக்கழகச் சிற்பத்துறை மாணவரும் உருவாக்கிய 'தோலுரிக்கும் வீடு'. கைவிடப்பட்ட பழைய வீட்டின் தூண், சுவர், தளம் அனைத்திலும் உளியாற் கொத்தியுள்ளனர். அங்குக் கதையில்லை, துக்கமுமில்லை. உழைப்பின் தடம் மட்டும் உண்டு. வேளாண்குடிகளின் வீட்டுக்கு அதுவே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

மக்கள்தொகைச் சரிவை இப்படைப்புகள் தடுக்கவில்லை. தடுக்குமென எதிர்பார்ப்பதும் முறையன்று. இவை செய்தது வேறு. மிகுபனி நிலத்தில் ஆளில்லாத கட்டடத்தின் கூரை, பனியைத் தள்ளுவாரின்றிச் சில குளிர்காலங்களில் இற்று வீழும். படைப்பு உள்ளே இருப்பதால் இப்பள்ளிகளின் கூரைப்பனியைத் தள்ளுதற்கு ஒரு காரணம் எஞ்சியிருக்கிறது. கோடையில் திரளும் பார்வையாளர் அப்பணியைக் காண்பதில்லை; விழாவைப் பற்றிய விமரிசனங்களிலும் அதற்கு இடம் அரிது.