எத்தீம் பிள்ளைக்கு யார் பொறுப்பு?
அலெக்ஸ் ரைடர் நாவல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கில மொழிமூலம் படிக்கும் நமது பிள்ளைகளிடையே கைமாறித் திரியும் புத்தகங்களில் அலெக்ஸ் ரைடர் வரிசையும் ஒன்று. அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, உள்பக்கத்தில் நாலைந்து பேருடைய பெயர் எழுதி வெட்டப்பட்டிருக்கும். தமிழ் படிப்பிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நாவலை ஒரு பிள்ளை தானாகத் தேடி எடுத்து, சாப்பாட்டையும் மறந்து இரண்டு நாளில் முடிக்கிறதென்றால் அதைப் பற்றிப் பேசும் கடமை மொழி ஆசிரியருக்கு நிச்சயம் உண்டு. "சும்மா வெடிச்சத்தக் கதை" என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்த நாவல்களுக்குள் வெடிச்சத்தத்தைத் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதே அக்கேள்வி. அது எமக்கு அந்நியமான ஒன்றல்ல.

அன்டனி ஹொரோவிட்ஸ் எழுதிய முதல் நாவலான 'ஸ்டோர்ம்பிரேக்கர்' 2000ஆம் ஆண்டு வெளியானது. அலெக்ஸுக்கு வயது 14. லண்டன் செல்சியில் வாப்பாவின் சகோதரர் ஐயன் ரைடரோடு வசிக்கிறான். வீட்டைப் பார்ப்பது ஜெக் ஸ்டார்பிரைட் என்ற அமெரிக்க இளம்பெண். ஒருநாள் பொலிசார் வந்து, ஐயன் கார் விபத்தில் மரணித்தார், சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்கிறார்கள். சாச்சா ஒருநாளும் பெல்ட் போடாமல் கார் ஓடமாட்டார் என்பது பையனுக்குத் தெரியும். அந்தச் சின்னச் சந்தேகத்தில்தான் கதை பிறக்கிறது. காரைத் தேடிப்போனால் அதில் துப்பாக்கிச் சன்னங்களின் துளைகள். வங்கி உத்தியோகத்தர் என்று நம்பியிருந்தவர் உளவாளி. வங்கி என்பது பிரித்தானிய உளவுத்துறையின் போர்வை.

அந்த உளவுத்துறையின் தலைவர் அலன் பிளன்ட் எத்தீமாகிப் போன பையனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சாச்சா பாதியில் விட்ட வேலையை நீ முடி என்கிறார். மறுத்தால்? ஜெக் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்படுவாள், அவனை ஒரு விடுதியில் போட்டுவிடுவார்கள். அலெக்ஸ் தேசபக்தியால் போகவில்லை. தனக்கென்று மிஞ்சிய ஒரே ஒரு ஆளைக் காப்பாற்றப் போகிறான். பின்னாளில் ஜேம்ஸ் பொண்ட் நாவல்களையே உரிமை பெற்று எழுதியவர் ஹொரோவிட்ஸ் (முதலாவது 2015இல் வந்தது). பொண்ட் சம்பளத்துக்கும் அரசிக்கும் வேலை செய்கிறவன். அலெக்ஸோ மிரட்டலுக்கு வேலை செய்கிறவன். இந்த வித்தியாசமே இந்த வரிசையின் உயிர்.

இங்கிலாந்தின் பால்ய உளவாளிகளுக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. 1901இல் வெளிவந்த கிப்ளிங்கின் 'கிம்' நாவலின் நாயகனும் எத்தீம்தான்; லாகூர்த் தெருக்களில் வளர்ந்த ஐரிஷ் சிப்பாயின் மகன். நில அளவைத் திணைக்களத்தின் மறைவில் உளவு நடத்தும் கேணல் கிரைட்டனும், குதிரை வியாபாரி மஹ்பூப் அலியும் அவனைப் பழக்கி எடுக்கிறார்கள். கிம்முக்கு அது விளையாட்டு, ஆனந்தமாகச் செய்கிறான். பேரரசுக்கு ஒரு பிள்ளை பயன்படுவதில் கிப்ளிங்குக்கு உறுத்தல் பெரிதாக இல்லை. நூறு வருடம் கழித்து ஹொரோவிட்ஸ் அதே எத்தீம் பிள்ளையை எடுத்து, அவன் வாயில் "எனக்கு இது வேணாம்" என்ற சொல்லை வைக்கிறார். பேரரசு போனபிறகு எழுதப்பட்ட கதை என்பது அந்தச் சொல்லில் தெரிகிறது.

நாவல்களை வரிசையாக வாசித்தால் ஒரு விடயம் தெளிவாகும். ஒவ்வொரு பெரியவரும் அலெக்ஸுக்குப் பொறுப்பாளராக வந்து நிற்கிறார். ஒவ்வொருவரும் அவனைப் பாவிக்கிறார். சாச்சா அவனுக்குக் காட்டிய உல்லாசம் எல்லாம், அந்த மலையேற்றம், சுழியோட்டம், கராத்தே, பிறமொழிகள் எல்லாமே, ஒற்றனாக்குவதற்கான பயிற்சி என்று அவன் பின்னால் விளங்கிக்கொள்கிறான். 'ஸ்கெலிட்டன் கீ'யில் ரஷ்ய ஜெனரல் சரோவ் அவனை மகனாகத் தத்தெடுக்க ஆசைப்படுகிறார். கூடவே ஒரு கண்டத்தையே அணுக்கதிர்வீச்சுக்குப் பலிகொடுக்கவும் திட்டமிடுகிறார். 'ஸ்கோர்ப்பியா'வில் ஜூலியா ரொத்மன் அவனுடைய வாப்பாவின் கதையைச் சொல்லி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, உளவுத்துறையின் மிஸிஸ் ஜோன்ஸைச் சுட அனுப்புகிறாள். 'ஸ்னேக்ஹெட்'டில் வரும் ஞானத்தந்தை ஆஷ், அலெக்ஸின் பெற்றோரைக் கொன்ற குண்டோடு தொடர்புபட்டவனாகவே வெளிப்படுகிறான். எதுவும் கேட்காமல் சோறு போட்டவள் ஜெக் மட்டும்தான். அவள் சொந்தக்காரியுமல்ல, அந்த நாட்டுக்காரியுமல்ல.

எத்தீமின் சொத்தையும் வாழ்வையும் கையாள்வோருக்கு ஸூரத்துந் நிஸா எவ்வளவு கடுமையான எச்சரிக்கை விடுக்கிறது என்பதை அறிந்த வாசகருக்கு, பிளன்டின் அந்த அலுவலகக் காட்சி வேறொரு கனத்தோடு தெரியும். நாவலாசிரியர் அதை நினைத்து எழுதவில்லை. ஆனால் நமது பிள்ளை வாசிக்கும்போது அந்த அறிவோடு வாசிக்கலாம்; வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

இன்னொரு செய்தியும் இங்கு பொருந்தும். இப்னு உமர் (ரழி) அவர்கள் உஹதுப் போருக்குத் தம்மை முன்னிறுத்தியபோது அவர்களுக்கு வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது 15 வயது, அனுமதி கிடைத்தது. விரும்பி வந்த பதினான்கு வயதுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய ஒரு முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது. அலெக்ஸின் வயதும் அதுவே. அவனோ விரும்பாதவன், அனுப்பப்படுகிறான். உளவு என்ற தொழிலைப் பற்றியும் நமது மரபு ஒற்றை வரியில் பேசவில்லை. பிறர் குறையைத் துருவித் தேடுவதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அதேவேளை ஹிஜ்ரத்தின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ், பகலில் குறைஷிகளின் பேச்சைக் கேட்டு இரவில் ஸவ்ர் குகைக்குச் செய்தி கொண்டுபோன வாலிபர். துரத்தப்பட்டவரைக் காக்கச் செய்தி சேர்ப்பது ஒன்று, பலமுள்ளவன் தன் வசதிக்குப் பிள்ளையை ஏவுவது இன்னொன்று. தரம் 10 பிள்ளைகளோடு இதைப் பேசினால் வகுப்பே விவாதமாகிவிடும்.

இனி, முஸ்லிம் வாசகருக்குத் தொண்டையில் முள்ளாய் நிற்கும் இடத்துக்கு வருவோம். 'ஸ்டோர்ம்பிரேக்கர்' நாவலின் வில்லன் ஹெரொட் ஸெய்ல், கெய்ரோவின் ஏழைச் சந்தில் பிறந்த எகிப்தியன். ஒரு பணக்கார ஆங்கிலத் தம்பதியைக் காப்பாற்றியதால் இங்கிலாந்துப் பள்ளிக்கு வருகிறான். அங்கே அவனது நிறத்தையும் உச்சரிப்பையும் பழித்து வதைத்தவர்களில் ஒருவன் பின்னாளில் பிரதமராகிறான். பழிவாங்க, பாடசாலைகளுக்கெல்லாம் இலவசக் கணினி கொடுத்து அதற்குள் பெரியம்மை வைரஸை ஒளித்துவைக்கிறான். காரணம் கனமானது. இனவாதத்தால் நொறுங்கிய ஒரு பிள்ளை எப்படி அரக்கனாகிறான் என்று எழுதியிருந்தால் அது வேறு நாவல். ஹொரோவிட்ஸ் அந்தக் கதவைத் திறந்துவிட்டு உடனே மூடிவிடுகிறார். ஸெய்லின் குட்டை உருவமும் பேச்சும் கேலிக்கே உதவுகின்றன. அலெக்ஸும் ஸெய்லும் பெரியவர்களாலும் பள்ளிகளாலும் உடைக்கப்பட்ட இரண்டு பையன்கள் என்ற ஒப்புமையை நாவல் கவனிக்கவே இல்லை.

2006இல் வந்த திரைப்படத்தில் இந்த வில்லன் டேரியஸ் ஸெய்ல் என்ற அமெரிக்கனாக மாற்றப்பட்டார். நடித்தவர் மிக்கி ரூர்க். பள்ளி வதையும் பழியும் அப்படியே இருக்க நாடு மட்டும் மாறியது. எகிப்தியனாக இருப்பது கதைக்கு அத்தியாவசியமாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 2011இல் வந்த 'ஸ்கோர்ப்பியா ரைசிங்' மறுபடி கெய்ரோவுக்குப் போகிறது. அங்கே வருபவன் ரஸீம் என்ற ஈராக்கியன். மனித வலியை அளந்து பார்ப்பவன்.

இதை வைத்து "இவை முஸ்லிம் எதிர்ப்பு நாவல்கள்" என்று முத்திரை குத்தினால் அது நேர்மையாகாது. 'பொயின்ட் பிளாங்க்' வில்லன் நிறவெறி கொண்ட வெள்ளைத் தென்னாபிரிக்கன். 'ஈகிள் ஸ்ட்ரைக்' வில்லன் இங்கிலாந்தின் பிரபல பொப் பாடகன். எல்லா நாட்டுக்காரரும் வில்லனாகிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களில் வில்லனும் உண்டு, சக மாணவனும் ஆசிரியரும் கடைக்காரரும் உண்டு. 'ஸ்டோர்ம்பிரேக்கர்' நாவலில் ஸெய்லைத் தவிர மனதில் நிற்கும் ஒரு எகிப்தியர் இல்லை. கெய்ரோவில் வீட்டுப்பாடம் செய்கிற, உம்மாவிடம் ஏச்சு வாங்குகிற ஒரு பிள்ளையை வாசகன் சந்திக்காமலே புத்தகத்தை மூடுகிறான். நமது பிள்ளை அலெக்ஸோடு தன்னை இணைத்துக்கொண்டு ஓடும்போது, தன் பெயரைப்போலப் பெயருள்ளவன் எதிர்ப்பக்கத்தில் மட்டுமே நிற்பதைக் கவனிக்கிறானோ இல்லையோ, அது உள்ளே இறங்கத்தான் செய்யும்.

உளவுப்பிள்ளை என்பது வெறும் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 'ஸ்டோர்ம்பிரேக்கர்' வெளியான அதே 2000ஆம் ஆண்டில், 18 வயதுக்குக் குறைந்தோரை இரகசியத் தகவலாளர்களாகப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் விதிகள் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தன. 2018இல் இவ்வாறான பிள்ளையை ஈடுபடுத்தும் அனுமதிக்காலம் ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதமாக நீட்டப்பட்டது. 2015 தொடக்கம் 2018 முடியும் வரை 17 பிள்ளைகள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதாகவும், அதில் ஒருவருக்கு 15 வயது என்றும் மேற்பார்வை அலுவலகம் தெரிவித்தது. 2019இல் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ஆயுத மோதலில் பிள்ளைகளை ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. விருப்ப நெறிமுறையும் 2000 மே மாதத்தில்தான் நிறைவேறியது. ஹொரோவிட்ஸின் மிரட்டல் காட்சி அவர் நாட்டு நிஜத்துக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

நமக்கோ அது இன்னும் கிட்டே. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் ஆயுத இயக்கத்தில் சேர்க்கப்பட்டதை யுனிசெப் ஆண்டுதோறும் பதிவு செய்துவந்த நாடு இது. வகுப்பில் ஒரு பிள்ளை, "ஏன் சேர், அவன் ஏலாதெண்டு சொல்லிட்டு ஓடியிருக்கலாமே?" என்று கேட்டால், இந்த மண்ணில் வளர்ந்த ஆசிரியரால் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ரொபர்ட் முச்சமோரின் 'செரப்' வரிசையும் உண்டு (முதல் நாவல் 2004). அங்கும் எத்தீம்களே உளவாளிகள். ஆனால் அவர்களுக்கு வளாகம், நண்பர்கள், சீருடை நிறங்கள், ஒழுக்கவியல் குழு, எந்தப் பணியையும் மறுக்கும் உரிமை எல்லாம் உண்டு. நடையும் பேச்சும் ஹொரோவிட்ஸைவிட நிஜத்துக்குக் கிட்ட. ஆனாலும் என் பார்வையில் ஆபத்து அதில்தான் கூட. நிறுவனம் அன்பான வீடாக மாறியபிறகு "ஏன் பிள்ளையை அனுப்புகிறீர்கள்?" என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. அலெக்ஸ் நாவல்களில் அந்தக் கேள்வி சாகவில்லை. கருவிகள் செய்துதரும் ஸ்மிதர்ஸ் கூட அவனுக்குத் துப்பாக்கி தர அனுமதி இல்லை என்கிறார். யோ-யோவும் பருக்களுக்குப் பூசும் கிறீமும்தான் தருகிறார். சாவுக்கு அனுப்பலாம், துப்பாக்கி மட்டும் கொடுக்கக் கூடாதாம். பெரியவர்களின் இந்த மாய்மாலத்தைச் சிரிப்போடு சொல்லியிருப்பது ஹொரோவிட்ஸின் நல்ல இடங்களில் ஒன்று.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. 'ஸ்கோர்ப்பியா ரைசிங்'கில் ஜெக் இறந்துவிடுகிறாள். அலெக்ஸை மீண்டும் பணிக்கு இழுக்க அவனது பாடசாலையில் துப்பாக்கிச்சூட்டை ஏற்பாடு செய்தவரே பிளன்ட் என்பதும் வெளிவருகிறது. பதினொரு வருடமாகச் சேர்த்துவைத்த கேள்விக்கு இதுவே சரியான முடிவு: பாவிக்கப்பட்ட பிள்ளை எல்லாவற்றையும் இழந்தான். ஆனால் 2017இல் வந்த 'நெவர் சே டை' ஜெக்கை உயிரோடு திருப்பித் தருகிறது. வாசகப் பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், வரிசை தொடர்ந்தது. கொடுத்த விலை மீளக் கிடைத்துவிட்டதால் பிளன்டின் குற்றமும் பாதியாகிவிட்டது. சந்தைக்காகக் கதை தன் உண்மையை விட்டுக்கொடுத்த இடமாகவே இதை நான் காண்கிறேன்.

ஆகவே இந்த நாவல்களைப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. வாசித்து முடித்தபின் மூன்று கேள்வி கேட்டால் போதும். அலெக்ஸை யார் யார் பாவித்தார்கள்? ஸெய்ல் ஏன் எகிப்தியன்? ஜெக் திரும்பி வந்தது நல்லதா? இவற்றுக்குப் பிள்ளை தமிழில் ஒரு பக்கம் எழுதினால் அதுவே நல்ல விமர்சனப் பயிற்சி.

நமது எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 13 தொடக்கம் 16 வயதுப் பிள்ளைக்குத் தமிழில் நாம் கொடுப்பது பெரும்பாலும் நீதிக்கதை, அல்லது பரீட்சைக்கான புத்தகம். அதனால்தான் அந்த வயதில் அவர்கள் லண்டனுக்கு ஓடிவிடுகிறார்கள். அலெக்ஸ் வரிசையின் குறுகிய அத்தியாயங்களும் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் பிடித்திழுக்கும் கயிறும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. காத்தான்குடியிலோ புத்தளத்திலோ பேருவளையிலோ ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை பெரியவர்களின் இரகசியத்துக்குள் மாட்டிக்கொண்டு, கடைசியில் "ஏலாது" என்று சொல்லும் ஒரு நாவலை யாராவது எழுதினால், அதைப் பாடசாலை வாசிகசாலையில் முதலில் இரவல் எடுப்பது மாணவர்களாக இருக்காது, ஆசிரியர்களாகவே இருக்கும்.