அறிந்தும் பேசாமை: நோர்கார்டின் ஆய்வுநூல் – ஒரு மதிப்பீடு

பருவநிலை மாற்றம் குறித்து மக்கள் வாய்திறவாமைக்கு அறியாமையே காரணம் என்பது பரவலான கருத்தாகும். இக்கருத்தை மறுத்துரைக்கும் நூல்களுள் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளர் காரி மாரி நோர்கார்ட் எழுதி 2011-இல் வெளிவந்த ‘லிவிங் இன் டினையல்’. ‘மறுப்பில் வாழ்தல்’ எனப் பொருள்படும் இந்நூலின் வலிமையையும் எல்லையையும் ஈண்டு நோக்குவோம்.

2000–2001 குளிர்காலத்தில் மேற்கு நார்வேயின் ஊரொன்றில் ஆசிரியர் களஆய்வு மேற்கொண்டார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து, ‘பிக்டாபி’ எனப் புனைபெயர் இட்டுள்ளார். அவ்வாண்டு பனிப்பொழிவு வழக்கத்தினும் மிகத் தாழ்த்தே வந்தது. பனிச்சறுக்குத் திடல் செயற்கைப் பனியைக் கொண்டே திறக்கப்பட்டது. நாளேடுகள் இதனைப் புவி வெப்பமடைதலோடு தொடர்புபடுத்தி எழுதின. மக்களும் அதனை அறிந்திருந்தனர். வினவியபோது கவலையும் தெரிவித்தனர். எனினும், ஊர்ப் பொதுவாழ்வில் அது பேசுபொருளாகவில்லை.

இம்மௌனத்திற்கு ஆசிரியர் காட்டும் காரணங்கள் மூவகை உணர்வுகளில் அடங்கும். அவை எதிர்காலம் பற்றிய அச்சம், ஏதும் செய்ய இயலாமை, குற்றவுணர்வு என்பன. இயற்கையைப் போற்றும் எளிய மக்கள் எனத் தம்மைக் கருதும் நார்வே மக்களின் வளவாழ்வு எண்ணெய் விற்பனையில் தங்கியுள்ளது. இம்முரண்பாட்டை மறக்கப் பேச்சைத் திசைதிருப்புதலும் ‘அமெரிக்கர் நம்மினும் மோசம்’ எனக் கூறுதலும் உதவுகின்றன. மௌனம் தனிமனிதரின் குறையன்று, சமூகம் கூடி உருவாக்கும் பழக்கம் என நிறுவியதே இந்நூலின் சிறப்பு.

ஆயினும், இவ்விளக்கம் பெரிதும் வசதி படைத்தோரின் மௌனத்திற்கே பொருந்தும். மலேசியாவும் பெட்ரோலிய வருவாய் உடைய நாடாதலால், இந்நூலின் முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்திப் பார்க்கும் எண்ணம் எழக்கூடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி மீட்புக்காகக் காத்திருந்தனர். அவர்கள் மீட்புப் பணியின் தாமதத்தைப் பற்றியே முதலில் பேசினர். அதனை மறுப்பு என்பது நேர்மையாகாது. பயன்பெறுவோர் பேசாமையும் பாதிக்கப்பட்டோர் பேசாமையும் வேறுவேறு. இவ்வேறுபாட்டை ஆராய, ஒரு செல்வ நாட்டின் ஓர் ஊர் போதாது.

இந்நூல் நம் வகுப்பறைக்கு எழுப்பும் வினா கூர்மையானது. புவி வெப்பமடைதலைப் பற்றி மாணவர் எழுதாமல் இல்லை. காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள் என்னும் வரையறுத்த அமைப்பில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அக்கட்டுரையில் பனிக்கரடி இடம்பெறும். சென்ற மழைக்காலத்தில் நீர் புகுந்த தம் வீடு இடம்பெறாது. பேசுவதுபோல் தோன்றிப் பேசாதிருக்கும் இம்முறையும் மௌனமே. இதனைப் பயிற்றுவிப்போர் நாம் என்பதை மறுத்தல் இயலாது.

எனவே, மேலும் தகவல்களைப் பாடத்தில் சேர்ப்பதால் மட்டும் பயன் விளையாது. வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் இளமைக்கால மழையையும் வெயிலையும் பற்றிக் கேட்டு, அதனை அவர்தம் சொற்களிலேயே எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். அத்தகைய கட்டுரையைத் திருத்துகையில், மனனம் செய்த தொடர்களுக்கு வழங்கும் மதிப்பெண்ணை நேர்மையான கூற்றுக்கு வழங்க நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.