அக்நாய் அடுப்பு: பாதியில் நிறுத்தப்படும் கதை

யூத மதத்துக்கு அறிமுகம் என்று எதை எடுத்தாலும், தல்மூத் பற்றிய பகுதியில் ஒரு கதை பெரும்பாலும் வந்துவிடும். நானும் அதைப் பல வருடமாகப் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூலத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து முழுசாகப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி முதல் பாதியைக் கிட்டத்தட்டக் கவிழ்த்துப் போடுகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. பொ.ஆ. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலி கொடுக்க இடம் இல்லை, குருமார்களுக்கு வேலை இல்லை. யூத மதம் ஆலயத்திலிருந்து கல்விக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. மோசேயின் ஐந்து நூல்களான தோரா கையில் இருந்தது. அதோடு வாய்மொழியாக வந்த சட்டங்களையும் கருத்து வேறுபாடுகளையும் யூதா ஹநாசி 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுத்தார். மிஷ்னாவை வைத்துக்கொண்டு பாபிலோனியக் கல்விக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த வாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தது பாபிலோனியத் தல்மூத். பக்கத்தின் நடுவில் இந்த மூலம் இருக்கும். ஒரு பக்க ஓரத்தில் 11-ஆம் நூற்றாண்டு பிரான்சைச் சேர்ந்த ராஷியின் உரை, மறுபக்கம் அவரோடு முரண்படும் பிற்கால உரைகள். 1520-களில் வெனிஸில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகக்காரர் நிலைநிறுத்திய அமைப்பு இது. இன்றும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள்.

இனி கதை. பாவா மெட்சியா என்ற பகுதியில், 59-ஆம் தாளில் வருகிறது. பிரச்சினை ஒரு அடுப்பு. நம்மூர் ஓட்டல்களில் பார்க்கும் தந்தூர் அடுப்பின் சொந்தக்காரன்தான். எபிரேயத்தில் அதன் பெயரே ‘தன்னூர்’. அதை வளையம் வளையமாக வெட்டி, நடுவில் மணல் வைத்து அடுக்கியிருக்கிறார்கள். இது உடைந்த பாத்திரம், ஆகவே தீட்டுப் படாது என்கிறார் ரபி எலியேசர். முழுப் பாத்திரம்தான், படும் என்கிறார்கள் மற்ற எல்லோரும்.

எலியேசர் எல்லா வாதங்களையும் வைக்கிறார். ஒருவரும் ஏற்கவில்லை. தன் பக்கம் சரியென்றால் வெளியே நிற்கும் கரோப் மரம் காட்டட்டும் என்கிறார், மரம் இடம்பெயர்கிறது. ஓடை பின்னோக்கி ஓடுகிறது. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், அவர்தான் சரி என்கிறது. அப்போது ரபி யோசுவா எழுந்து நிற்கிறார். தோரா மனிதர்களிடம் வந்துவிட்டது, அது இனி வானத்தின் சொத்து இல்லை என்று பொருள்படும் ஒரு வேத வசனத்தைத் திருப்பிச் சொல்கிறார். பெரும்பான்மை தீர்ப்பே தீர்ப்பு. தன் பிள்ளைகள் தன்னைத் தோற்கடித்துவிட்டதாகச் சொல்லிக் கடவுள் சிரித்தாராம்.

கைத்தட்டல். பெரும்பாலான அறிமுகங்கள் இங்கே நிறுத்திவிடும். எனக்கும் இது ரொம்பப் பிடித்த இடம். அதிசயம் காட்டினாலும், மேலிடமே வந்து சொன்னாலும், வாதம்தான் ஜெயிக்கும். ஒரு என்ஜினியருக்கு இதைவிட என்ன வேண்டும்? யூத மதம் கேள்வி கேட்கிற மதம், கருத்து வேறுபாட்டைக் கொண்டாடும் மதம் என்று முடித்துவிடலாம்.

ஆனால் மூலம் அங்கே நிற்கவில்லை. அன்றே, எலியேசர் சுத்தம் என்று தீர்ப்புச் சொன்ன பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரிக்கிறார்கள். பிறகு வாக்கெடுத்து அவரையே விலக்கி வைக்கிறார்கள். ‘விலக்கினார்கள்’ என்ற சொல்லைக்கூட மூலம் எழுதவில்லை. ‘ஆசீர்வதித்தார்கள்’ என்று இடக்கரடக்கலாகச் சொல்கிறது. எழுதியவருக்கே கை கூசியிருக்கிறது.

செய்தியை யார் போய்ச் சொல்வது? பக்குவமில்லாத ஒருவர் போனால் உலகமே அழியலாம் என்று அவருடைய மாணவர் அகிவா தானே கிளம்புகிறார். கறுப்பு உடுத்தி, நாலு முழம் தள்ளி உட்கார்கிறார். தோழர்கள் உங்களைவிட்டு விலகியிருப்பதாகத் தெரிகிறது என்கிற மாதிரி பேச்சைத் தொடங்குகிறார். எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கி அமர்ந்து அழுகிறார். ஒலிவம், கோதுமை, பார்லி மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு நாசமாகிறது.

கல்விக்கூடத்தின் தலைவர் ரப்பான் கமாலியேல் அப்போது கப்பலில் இருக்கிறார். பேரலை எழுகிறது. தன் மரியாதைக்காகச் செய்யவில்லை, இஸ்ரவேலில் பிளவுகள் பெருகக்கூடாது என்றுதான் செய்தேன் என்று கடவுளிடம் முறையிடுகிறார். கடல் அடங்குகிறது. இது முக்கியமான இடம். ஆலயத்தை இழந்து நிற்கும் ஒரு சமூகத்துக்கு ஒற்றுமை எவ்வளவு அவசியம் என்று மூலத்துக்குத் தெரியும். கமாலியேலை அது வில்லனாக்கவில்லை.

ஆனாலும் அவர் தப்பவில்லை. எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம் கமாலியேலின் தங்கை. தன் கணவர் முகம் குப்புற விழுந்து மனமுருகி வேண்டினால் அண்ணன் பிழைக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் அதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் கவனம் தப்புகிறது. வாசலில் வந்த ஏழைக்கு ரொட்டி கொடுக்கப் போனாள் என்கிறது ஒரு பாடம். திரும்பி வந்தால் கணவர் தரையில் கிடக்கிறார். எழுந்திருங்கள், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள் என்கிறாள். அதற்குள் மரண அறிவிப்பு வருகிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார் எலியேசர். வானத்தின் மற்ற வாசல்கள் அடைபட்டாலும் புண்பட்டவரின் வாசல் மட்டும் அடைபடாது என்று என் பாட்டனார் வீட்டில் சொல்வார்கள் என்கிறாள்.

முதல் பாதியில் வானம் வாயடைக்கப்படுகிறது. இரண்டாம் பாதியில் அதே வானத்துக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சட்டத்தை மனிதர்கள் முடிவுசெய்யலாம். ஒருவரின் கண்ணீருக்குத் தீர்ப்பை வாக்கெடுத்து முடிவுசெய்ய முடியாது. இதைச் சொல்வது ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து வாதிட்ட அந்தக் கூடத்துக்குள் இடமில்லாத ஒரு பெண்.

கதை வைக்கப்பட்டிருக்கும் இடமும் இதைத்தான் சொல்கிறது. வாக்கெடுப்பு பற்றியோ கடவுளின் அதிகாரம் பற்றியோ பேசும் அத்தியாயம் அல்ல அது. வியாபாரத்தில் ஏமாற்றுவது போலவே சொல்லால் புண்படுத்துவதும் குற்றம் என்கிற சட்டத்தை விளக்கும் இடம். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்காதே, திருந்தியவனிடம் பழைய கதையைக் கிளறாதே என்று போகும் பட்டியலுக்குப் பிறகு இந்தக் கதை. அதாவது, நாம் முடிவு என்று நினைப்பது முன்கதை.

பெரும்பான்மைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனத்தையும் போய்ப் பார்த்தேன். யாத்திராகமம் 23:2. அந்த வசனத்தின் தொடக்கம், கும்பலோடு சேர்ந்து தீமை செய்யாதே என்று எச்சரிக்கிறது. ரபி எரேமியா அதன் வால் துண்டை மட்டும் எடுத்து ஆதாரமாக்குகிறார். வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்த வாசகர்களுக்கு அதன் தலைப்பகுதி ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

தோற்ற கருத்தைப் பதிவுசெய்து வைப்பதில் இந்த மரபுக்கு இணை குறைவு. பிற்கால நீதிமன்றம் ஒன்றுக்கு அது உதவலாம் என்று மிஷ்னாவே காரணம் சொல்கிறது. எலியேசரின் கருத்துகளும் நூற்றுக்கணக்கில் உள்ளே இருக்கின்றன. இன்றும் அந்தப் பழக்கம் உண்டு. வாய்மொழிச் சட்டமும் சினாய் மலையில் தரப்பட்டது என்பார்கள் ஆர்தடாக்ஸ் யூதர்கள். காலத்துக்கேற்ப விட்டுவிடலாம் என்பார்கள் சீர்திருத்தப் பிரிவினர். நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழுவில் 25 பேரில் 6 பேர் ஆதரித்தாலே ஒரு தீர்ப்பு ஏற்கத்தக்கது. 2006-இல் தன்பாலின உறவு பற்றி ஒன்றுக்கொன்று எதிரான தீர்ப்புகளை ஒரே நாளில் அவர்கள் ஏற்றார்கள்.

ஆனால் கருத்தைக் காப்பாற்றுவது வேறு, கருத்துச் சொன்ன ஆளைக் காப்பாற்றுவது வேறு. இந்தக் கதை எனக்கு உறைத்தது அங்கேதான். முன்பு வேலைபார்த்த ஓர் இடத்தில் ஒரு சீனியரின் டிசைனை நாங்கள் ஏழு பேர் சேர்ந்து நிராகரித்தோம். டெக்னிக்கலாக நாங்கள் சொன்னது சரி, இன்றைக்கும் சரி. அவருடைய ஆட்சேபத்தை மீட்டிங் குறிப்பில் அழகாகப் பதிவும் செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரை வைத்து ஓடிய ஜோக்குகளில் என்னுடையதும் உண்டு. சில மாதத்தில் அவர் போய்விட்டார். அகிவாவைப் போல நாலு முழம் தள்ளியாவது போய் உட்கார எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாதத்தில் வென்றவர்கள் தொகுத்த நூல்தான் தல்மூத். தாங்கள் வென்ற அன்றைக்கு என்ன செய்தோம் என்பதையும் அவர்கள் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடவுள் சிரித்ததோடு கதையை நிறுத்தும் நாம் அந்த இரண்டாவது வேலையைத்தான் கத்தரித்துவிடுகிறோம்.