பால்வீதியின் மறுகரை

‘எலைட் டேஞ்சரஸ்’ 2014-இல் வெளிவந்த விண்வெளி விளையாட்டு. நம் பால்வீதியை அதன் உண்மையான அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் மண்டலங்களோடு, கணினிக்குள் எழுப்பியிருக்கிறார்கள். வானியலாளர்கள் பட்டியலிட்ட விண்மீன்கள் பலவும் அவற்றுக்குரிய இடத்திலேயே இருக்கின்றன. மீதியைக் கணக்கீட்டு விதிகள் பிறப்பிக்கின்றன. போரும் வணிகமும் இதில் உண்டு. எனக்குப் பிடித்தது நெடும்பயணம்தான்.

அந்தப் பயணத்தின் சுவையே எரிபொருளில் இருக்கிறது. விண்மீனை ஒட்டிப் பறந்து அதன் ஹைட்ரஜனை அள்ளிக்கொள்ள வேண்டும். எல்லா விண்மீனும் தராது: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகைகள் தரும், பழுப்புக் குறுமீன் தராது. நெருங்கிப் போனால் கப்பல் கொதிக்கும், விலகினால் அள்ள முடியாது. அடுத்த விண்மீனுக்குத் தாவும் முன் அதன் வகையைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த வகைப்பாடு இங்கே உயிர்ப் பிரச்சினை! நியூட்ரான் விண்மீன் இன்னும் அபாரம். அதன் துருவத்திலிருந்து பீறிடும் தாரைக்குள் நுழைந்தால் ஒரு தாவலின் தூரம் நான்கு மடங்காகும். கப்பல் கண்டபடி சுழலும், தாவல் இயந்திரமும் சற்றே தேயும்.

பால்வீதியின் மையக் கருந்துளை பூமியிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவு. மறுகரையிலுள்ள பீகிள் பாயின்ட், டார்வின் சென்ற கப்பலின் பெயரைத் தாங்கியது, 65,000 ஒளியாண்டுக்கும் அப்பால். அங்கே விண்மீன்கள் அருகிவிடும். வழி தேடுவதே வேலை. வழியில் விண்மீன்களையும் கோள்களையும் பற்றித் திரட்டிய தரவுகளை நிலையத்தில் விற்கும் முன் கப்பல் நொறுங்கினால் அத்தனையும் போயிற்று. அதனால்தான் ஈர்ப்பு மிகுந்த கோளில் இறங்கும்போது கை நடுங்குகிறது.