முழவுக்கு மண் பூசியவர்கள்

சேலத்தில் ஓர் இசைக்கருவிக் கடை. என் பழைய மாணவியோடு போயிருந்தேன். அவளுடைய தம்பியும் வந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவன், வண்டி ஓட்டுவதற்காக வந்தவன். இசையில் அவனுக்கு நாட்டம் இல்லை. அவள்தான் கேட்டாள்: "இந்த இன்டர்ஃபேஸ்ல ஃபேன்டம் பவர் வருங்களா?" விற்பனையாளர் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார்: "வருதுங்க தம்பி, நாப்பத்தெட்டு வோல்ட்." அடுத்த கேள்வியும் அவளுடையது. பதில் மறுபடியும் தம்பிக்கே போனது. அவளிடம் அவர் நேராகப் பேசியது ஒரே ஒருமுறை. இளஞ்சிவப்பில் ஒரு உகுலேலேயை எடுத்து நீட்டி, "பொண்ணுங்க இதைத்தாங்க விரும்பி வாங்குவாங்க" என்றார்.

பணம் அவளுடையது. இரண்டு வருடம் ஒரு அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து சேர்த்தது. வாங்க வந்தது ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு கேபிள். கேபிளை எடுத்தபோது விற்பனையாளர் தம்பிக்கு விளக்கினார்: ஊசி நீட்டிக்கொண்டிருப்பது மேல், துளை உள்ளது ஃபீமேல். உலகம் முழுக்க மின்சாரக்காரர்களும் ஒலிக்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். எக்ஸ்எல்ஆர் இணைப்பில் ஒலி வெளியேறும் முனை எப்போதும் ஆண், வாங்கிக்கொள்ளும் முனை எப்போதும் பெண். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, கேபிளின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள்.

மறுவாரம் வகுப்பில் புறநானூறு 152. வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடியது. கொல்லிமலை எங்களுக்குத் தொலைவில்லை. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழாவும் நடக்கிறது. இருபது வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துப்போய் உடும்பில் தைத்து நிற்பதை உற்சாகமாகச் சொல்வேன். பிறகு கொடையைச் சொல்வேன்: இறைச்சி, மது, அவன் மலையில் பிறந்த பொன். தேர்வில் வருவதும் இவைதான். நடுவில் உள்ள சில வரிகளை மட்டும் "இசைக்கருவிகளைக் கூறுகிறார்" என்ற ஒரு தொடரில் தாண்டிவிடுவேன்.

அந்த வாரம் தாண்ட முடியவில்லை. வேட்டுவனைப் பார்த்துவிட்ட பாணன், இவன் ஓரிதானோ என்ற ஐயத்தோடு விறலியை அழைக்கிறான். நான் ஒரு வண்ணம் பாடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, வரிசையாக ஏவுகிறான்: மண் பூசி முழவை ஆயத்தம் செய்யுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், யானைத் துதிக்கை போன்ற தூம்பை இயக்குங்கள், எல்லரியை, ஆகுளியை, பதலையின் ஒரு பக்கத்தை மெல்ல இயக்குங்கள், கோலைக் கையில் கொடுங்கள். ஏழு ஏவல்கள், ஆறு கருவிகள். பழந்தமிழில் என் கண்ணில் பட்ட மிகத் துல்லியமான ஒலியமைப்புக் குறிப்பு இது. இதைச் செய்யத் தெரிந்தவர்களிடம்தான் இப்படிச் சொல்ல முடியும். முழவுக்கு எவ்வளவு மண் என்பது கைக்குத் தெரிந்த கணக்கு. கூடினால் ஒலி அடைத்துக்கொள்ளும், குறைந்தால் அதிரும்.

ஆனால் விறலி என்றால் நம் அகராதியும் வகுப்புக் குறிப்பும் என்ன சொல்கின்றன? விறல்பட ஆடுபவள். உடலும் மெய்ப்பாடும் மட்டும் அவளுக்கு. ஏவல் பன்மையில் இருப்பதால் குழுவின் ஆண்களும் அதில் அடக்கம் என்று சக ஆசிரியர் ஒருவர் திருத்தினார். இருக்கட்டும். பெயர் சொல்லி விளிக்கப்பட்டவள் விறலி. அவளைக் கருவிகளிலிருந்து விலக்கி ஆட்டத்துக்குள் மட்டும் நிறுத்தியது பாட்டல்ல, படிப்பு. நானும் அதற்கு உடந்தை.

பத்துப்பாட்டில் வேறொரு பழக்கமும் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும்போது, அதன் தோல் போர்வை இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிறாகிறது. கடைசியில் யாழ் முழுவதுமே ஒப்பனை செய்த மணப்பெண். உடனடியாகப் பாடினியைத் தலைமுதல் கால்வரை அதே கண்ணால் அளக்கிறது பாட்டு. கருவி பெண்ணாகிறது, பெண்ணும் கருவியைப்போல் பார்த்து வருணிக்கத் தக்க பொருளாகிறாள். அழகான பகுதிதான், நானும் மயங்கியிருக்கிறேன். கிதாரின் இடுப்பைப் பற்றி இன்றைக்கு வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது மயக்கம் கொஞ்சம் தெளிகிறது.

பெண்ணைப்போல் இருக்கும் கருவி பெண்ணின் உடலுக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். சிறிய கைகளுக்கு அது நீட்டல், வலி. யோசப் ஹாஃப்மன் என்ற பெரும் பியானோ கலைஞருக்குக் கை சிறியது. அவருக்காக ஸ்டெயின்வே நிறுவனம் கட்டைகளைக் குறுக்கிக் கொடுத்தது. கை சிறிதான ஆண் கேட்டால் கருவி குறையாகிறது, பெண் கேட்டால் கை குறையாகிறது. 2016இல் செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க், மியூசிக் மேன் நிறுவனத்தோடு சேர்ந்து எடை குறைவான, மார்பில் அழுந்தாத மின்கிதார் ஒன்றை வடிவமைத்தார். அதுவரை கிதாரை வரைந்த கைகள் மார்பை யோசிக்கவில்லை. 2018இல் ஃபென்டர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிதார் பழகத் தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்றது. சேலத்துக் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நம் பக்கத்தில் சுருதிக் கணக்கு. ஆண் ஒரு கட்டையில் பாடினால் பெண் ஐந்து கட்டைக்கு அருகில் பாடுவாள். அதனால் மிருதங்கத்திலேயே இரண்டு வகை, தக்கு ஸ்தாயி, ஹெச்சு ஸ்தாயி. பெண் குரலுக்கு ஏற்ற மிருதங்கம் இருந்தது. அதை அவளுக்கு வாசிக்கத்தான் ஆள் இல்லை. பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்ற வழக்கத்தை டி.கே. பட்டம்மாளுக்காகத் தளர்த்தியதை இன்றும் பெருந்தன்மைக் கதையாகச் சொல்கிறோம். கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதால் தன்னோடு மேடையில் அமர மறுத்த மிருதங்க வித்வான்களைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் செய்தது எனக்குப் பிடித்தது. வெவ்வேறு சுருதியுள்ள கடங்களைத் தன்னைச் சுற்றி வைத்து "கட தரங்" என்று ஒன்றை உருவாக்கினார். பக்கவாத்தியமே தனி வாத்தியமானது. அந்தக் கடங்களுக்குப் பேர்போன மானாமதுரையில் மண்ணைத் தட்டித் தட்டிச் சுவரைச் சமன்செய்த மீனாட்சி, கடம் செய்வதற்காகவே சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். மண் பூசும் கை எங்கும் போய்விடவில்லை.

மின்னிசை மேலைநாட்டு இளைஞர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் ஸிந்தஸைஸரை அமைத்துக் கொடுத்தார். அதில் இசையமைத்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பக்வாஜ் கற்ற பெண், 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அந்த ஒலிநாடாக்கள் அரை நூற்றாண்டு காப்பகத்தில் கிடந்து 2023இல்தான் வெளிவந்தன.

மாணவியிடம் வருகிறேன். அவள் வீடு பள்ளிபாளையத்துப் பக்கம். முன்கட்டில் நான்கு விசைத்தறி. பின்னால் ஓர் அறை, அதிலேயே துணி, அரிசி மூட்டை, பாட்டியின் கட்டில். "வீட்டு ஸ்டூடியோ" என்ற சொல்லை விற்கிறவர்கள் வீட்டை யோசிப்பதில்லை. விளம்பரப் படத்தில் ஓர் அறை, ஒரு பையன், கதவு சாத்தியிருக்கிறது. வர்ஜினியா வூல்ஃபைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. 1929இல் அவர் கேட்டதும் பூட்டுள்ள அறைதான். இவளிடம் பூட்டும் இல்லை, அமைதியும் இல்லை. தறி ஓடும்வரை பதிவு செய்ய முடியாது. தறி நிற்கும் இரவில், பெண்பிள்ளை என்ன சத்தம் என்று பக்கத்து வீடு கேட்கும்.

சுவரில் பவானி ஜமுக்காளத்தை மாட்டினாள். எதிரொலி அடங்கியது, பேச்சின் கூர்மை தணிந்தது. தறியின் அடி மட்டும் அடங்கவில்லை. அது காற்றில் வருவதில்லை, தரை வழியாக, சுவர் வழியாக வருகிறது. துணி அதைத் தடுக்காது. கண்டென்ஸர் மைக் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது என்று டைனமிக் மைக்குக்கு மாறினாள். உதட்டருகே வைத்துப் பாடினால் தறி கொஞ்சம் பின்வாங்கியது. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் வாங்கிய இன்னொரு பொருளைச் சொல்லத் தயங்கினாள். விரலால் தட்டும் ரப்பர் பேடு, கையகலம். அதில் பறை ஒலி. அவள் தாத்தா பறை அடித்தவர். அப்பா அதை விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவர். வீட்டில் பறை என்ற பேச்சே கூடாது. சாவுக்கு அடித்த அவமானம் அவருக்கு. பொம்பளை தொடக்கூடாது என்ற தடை அதற்கும் முன்னால் இருந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையோடு மேடையேறிப் பல ஆண்டுகளாகிவிட்டன என்று நான் சொன்னேன். "தெரியுங்க மேம். ஆனா அது மேடை. இது எங்க வீடு" என்றாள்.

இங்கே எனக்கே தெளிவில்லை. பேடில் தட்டினால் சாதி கேட்பாரில்லை, தீயில் காய்ச்ச வேண்டியதில்லை, தோலின் வாடை இல்லை, அப்பாவுக்குக் கேட்பதும் இல்லை; ஹெட்போனுக்குள்ளேயே முடிந்துவிடும். விடுதலை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஒலியை யாரோ ஒருவர் எங்கோ காய்ச்சி அடித்திருக்கிறார். மெனுவில் அவர் பெயர் இல்லை, "சவுத் இந்தியன் பெர்கஷன் 14" என்று இருக்கிறது. தாத்தாவின் கையும் இப்படித்தான் பெயரற்றுப் போனது. பேரப்பெண் தட்டுவது மீட்பா, இரண்டாவது இழப்பா? அவளிடமே கேட்டேன். "முதல்ல கத்துக்கறேன் மேம்" என்றாள்.

போன மாதம் ஒரு பதிவை அனுப்பினாள். இரண்டு நிமிடம், அவள் குரலும் பேடும். தறி ஓடிக்கொண்டிருந்தபோதே பாடியிருக்கிறாள். அடிகளை எண்ணி, மெட்ரோனோமை அதே வேகத்துக்கு வைத்துவிட்டதாகக் குறிப்பு எழுதியிருந்தாள். நடுவில் ஓரிடத்தில் தறி நின்றுவிடுகிறது, இழை அறுந்திருக்க வேண்டும். அவள் நிற்காமல் பாடுகிறாள். பின்னணியில் அவள் அம்மா யாரையோ திட்டுவதும் கேட்கிறது. அதை வெட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை.